விலைபோகாத பாகங்கள் எங்கே போகின்றன?

பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய நிறுவனத்தில் பழைய கணினிகளை அப்புறப்படுத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. கிடங்கு அறையில் 340 கணினிகளும், படக்குழாய் வைத்த பழைய மானிட்டர்கள் ஏறக்குறைய அதே எண்ணிக்கையிலும் தூசி படிந்து கிடந்தன. மூன்று பேரிடம் விலைப்புள்ளி கேட்டேன். இருவர் பணம் கொடுத்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். மூன்றாமவரோ, மானிட்டர்களை எடுக்க வேண்டுமானால் நாங்கள்தான் அவருக்குக் கட்டணம் தர வேண்டும் என்று எழுதியிருந்தார். பழைய பொருளை எடுத்துப் போகிறவருக்கு நாம் ஏன் பணம் தர வேண்டும் என்று அவருடைய கடிதத்தை ஒதுக்கிவிட்டு, அதிக விலை சொன்னவரிடம் அனைத்தையும் ஒப்படைத்தேன். அன்று மாலையே கிடங்கு காலியாகி, வரவுக் கணக்கில் ஒரு தொகையும் ஏறியது. மேலதிகாரி பாராட்டினார். அந்த வேலையில் நான் செய்த மிகப் பெரிய தவறு அதுதான் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஐந்து மாதங்கள் கழித்து, கடல் கடந்த ஒரு நாட்டிலிருந்து முன்பின் அறியாத ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினார். சந்தையில் வாங்கிய பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றில் எங்கள் ஊழியர்களின் ஊதியப் பட்டியலும் வீட்டு முகவரிகளும் இருந்ததாகவும், அவற்றைத் தாம் அழித்துவிட்டதாகவும், இனிமேலாவது கவனமாக இருக்கும்படியும் எழுதியிருந்தார். அது நல்ல மனிதர் ஒருவரின் கையில் சிக்கியது எங்கள் நற்பேறு. அதைத் தொடர்ந்து நடந்த விசாரணையின்போது, கணினிகளை வாங்கியவரை நானே நேரில் சென்று பார்த்தேன். அவர் எதையும் மறைக்கவில்லை. ஓடும் நிலையில் இருந்தவற்றை ஏற்றுமதி செய்யும் வணிகர் ஒருவருக்கும், ஓடாதவற்றின் சர்க்யூட் போர்டுகளை இன்னொருவருக்கும், மானிட்டர்களை மொத்தமாக ஒரு பிரிப்புக் களத்துக்கும் விற்றுவிட்டதாகச் சொல்லி, அந்தக் களத்துக்கு என்னை அழைத்தும் போனார்.

தகரக் கூரையின் கீழ்ப் பத்துப் பன்னிரண்டு பேர் தரையில் அமர்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி மானிட்டரின் பின்மூடியைக் கழற்றி, படக்குழாயின் கழுத்தைச் சுத்தியலால் ஒரே தட்டில் உடைத்து, அதைச் சுற்றியிருந்த செம்புச் சுருளை உருவி எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. செம்பு ஒரு கூடையிலும், அலுமினியம் இன்னொரு கூடையிலும், இரும்பு ஒரு மூலையிலும் சேர்ந்தன. பிளாஸ்டிக் மூடிகளின் குவியலில் எங்கள் நிறுவனத்தின் சொத்து எண் ஒட்டிய மூடிகளை நான் அடையாளம் கண்டேன். மிஞ்சிய கண்ணாடியை அவர் களத்தின் பின்புறமிருந்த பள்ளத்தில் தள்ளிவிட்டார். பள்ளம் ஏற்கெனவே உடைந்த கண்ணாடியால் பாதி நிறைந்திருந்தது. அதன்மேல் மழைநீர் தேங்கியிருந்தது. கண்ணாடியை ஏன் தனியாகச் சேர்த்து வைக்கவில்லை என்று கேட்டேன்.

"செம்புக்கு ஆள் இருக்காங்க சார், அலுமினியத்துக்கு ஆள் இருக்காங்க, பிளாஸ்டிக்குக்குக்கூட ஆள் வர்றாங்க. கண்ணாடிக்கு யார் வருவாங்க?" என்று திரும்பக் கேட்டார்.

படக்குழாயின் கூம்பு வடிவப் பின்பகுதியில், கண்ணாடியின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஈய ஆக்ஸைடு கலந்திருக்கும். குழாயின் உள்ளே உண்டாகும் எக்ஸ் கதிர்கள் வெளியே வராமல் தடுப்பதற்காகச் சேர்க்கப்பட்ட ஈயம் அது. முழுக் கண்ணாடியாக இருக்கும்வரை அது யாருக்கும் தீங்கு செய்வதில்லை. நொறுங்கித் தூளாகி, அமிலத்தன்மை ஏறிய நீரில் ஊறும்போது கசியத் தொடங்குகிறது. நான் ஒதுக்கிய அந்த மூன்றாமவர், அக்கண்ணாடியை முறையாகச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்ப்பதற்கான செலவைத்தான் எங்களிடம் கேட்டிருந்தார் என்பது, பள்ளத்தின் ஓரத்தில் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் வரவுக் கணக்கில் ஏறிய தொகையில் ஒரு பகுதி, யாரோ செலுத்தியிருக்க வேண்டிய அந்தச் செலவு.

அந்த விசாரணைக்குப் பின் நான் வேலையை மாற்றிக்கொண்டேன். ஐரோப்பிய நாடொன்றின் மறுசுழற்சி ஆலையில் நான்கு ஆண்டுகளும், பின்னர் வளரும் நாடுகளின் பிரிப்புக் களங்களுக்குப் பயிற்சி அளிக்கும் குழு ஒன்றில் ஐந்து ஆண்டுகளும் பணியாற்றினேன். இரு பக்கமும் பார்த்தபின் எனக்குப் புலப்பட்ட அடிப்படை வேறுபாடு, பணம் எந்தத் திசையில் நகர்கிறது என்பதே. ஏழை நாடுகளில் பழுதான மின்னணுப் பொருளை வைத்திருப்பவருக்கு, அதை எடுத்துச் செல்பவர் பணம் தருகிறார். கொடுத்த பணத்தை அவர் செம்பிலிருந்தும் தங்கத்திலிருந்தும் மீட்டாக வேண்டும். ஆகவே விலைபோகும் பாகங்கள் வியக்கத்தக்க துல்லியத்துடன் பிரிக்கப்படுகின்றன, விலைபோகாதவை எரிக்கப்படுகின்றன அல்லது கொட்டப்படுகின்றன. செல்வ நாடுகளில், பொருளை வாங்கியவரோ தயாரித்தவரோ முன்கூட்டியோ பின்னரோ ஒரு தொகை செலுத்துகிறார். விலைபோகாத பாகத்தையும் யாராவது பொறுப்புடன் கையாள்வதற்கு அந்தத் தொகைதான் வழி செய்கிறது.

சுவிட்சர்லாந்தில் 1990களின் தொடக்கத்திலிருந்தே, புதிய பொருள் வாங்கும்போது அதன் மறுசுழற்சிக்கான கட்டணத்தையும் சேர்த்துச் செலுத்திவிடுகிறார்கள். பழையதைக் கடையில் திருப்பிக் கொடுக்கும்போது எதுவும் தர வேண்டியதில்லை. ஜப்பானில் 2001 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, ஏ.சி., தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவற்றை ஒப்படைக்கும் நாளில் பயனர் கட்டணம் செலுத்துகிறார். கழிக்கும் நாளில் பணம் கேட்டால், சிலர் இருட்டிய பின் பொருளைச் சாலையோரம் போட்டுவிட்டுப் போகத்தான் செய்வார்கள். ஆகவே வாங்கும்போதே வசூலிப்பதுதான் நல்ல முறை என்பது என் கருத்து. ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் தயாரிப்பாளர் மீது இப்பொறுப்பைச் சுமத்தியது. இந்தியாவின் விதிகள் 2011இல் அறிவிக்கப்பட்டு 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்தன. 2022இல் அவை முழுவதும் திருத்தி எழுதப்பட்டன. கானா 2016இல் இதற்கெனச் சட்டம் இயற்றி, இறக்குமதியாகும் மின்னணுப் பொருள்கள் மீது ஒரு தீர்வை விதித்தது.

நான் வேலை செய்த ஆலையில் குளிர்பதனப் பெட்டிகளுக்கான கூடம்தான் எனக்கு முதலில் பாடம் கற்பித்தது. பழைய பெட்டிகளில் குளோரோஃபுளோரோகார்பன் வாயுவின் பெரும்பகுதி கம்பிரசரில் இல்லை, சுவருக்குள் அடைத்த மஞ்சள் நிற ஃபோமில்தான் இருக்கிறது. அதனால் முதலில் குழாய்களிலுள்ள வாயுவை உறிஞ்சிவிட்டு, பிறகு முழுப் பெட்டியையும் காற்றுப் புகாத அறையில் அரைத்து, ஃபோமிலிருந்து வெளியேறும் வாயுவையும் பிடித்துக் குளிர்வித்து, அழிக்க அனுப்புவோம். பழைய பெட்டிகளில் பயன்பட்ட ஆர்-12 வாயு, எடைக்கு எடை கார்பன் டை ஆக்ஸைடைவிடப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் புவியை வெப்பமாக்கக்கூடியது. இத்தனை உழைப்பிலும் விற்கத்தக்க பொருள் எதுவும் கூடுதலாகக் கிடைப்பதில்லை. கட்டணம் நின்றுபோனால் மறுநாளே அந்தக் கூடத்தை மூடிவிடுவார்கள். தெருவில் வைத்த பெட்டியிலிருந்து கம்பிரசரை மட்டும் அறுத்தெடுத்துப் போகிறவர்களை எல்லா நாடுகளிலும் பார்த்திருக்கிறேன். அறுபட்ட அந்த நொடியிலேயே குழாயிலிருந்த வாயு முழுவதும் காற்றில் கலந்துவிடுகிறது. ஆகவே குளிர்பதனப் பெட்டியை ஒப்படைக்கும்போது எந்தப் பாகத்தையும் கழற்றாமல் முழுதாக ஒப்படையுங்கள்.

செல்வ நாடுகளின் முறையில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் ஆலையில் ஒரு ராட்சத அரைவை இயந்திரம் இருந்தது. கூலி மிக அதிகமான நாட்டில், ஒவ்வொரு பெட்டியையும் கையால் திறக்க ஆள் வைப்பது கட்டுப்படியாகாது என்பதால் பல பொருள்கள் நேராக அதற்குள் போயின. இரும்பும் செம்பும் நன்றாகவே பிரிந்து வந்தன. ஆனால் தங்கமும் பல்லேடியமும் தூளாகி, பிளாஸ்டிக்கோடும் இரும்போடும் ஒட்டிக்கொண்டு தொலைந்தன. இத்தகைய ஆலையொன்றைப் பற்றி 2009இல் வெளியான ஆய்வு, உள்ளே வந்த தங்கத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் மீட்கக்கூடிய சரக்கில் சேர்ந்ததாகக் காட்டியது. களத்தில் நான் பார்த்த அந்தப் பெண்மணியின் கைகள், ஒரு போர்டைக்கூடச் சிதைக்காமல் கழற்றியிருக்கும்.

ஆனால் கழற்றிய போர்டு அடுத்து எங்கே போகிறது என்பதில் நிலைமை தலைகீழாகிறது. ஏழை நாடுகளின் பட்டறைகளில் அதைக் கரியடுப்பின்மேல் வாட்டி, பாகங்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பற்றாசை உருக்கி, சில்லுகளைப் பெயர்த்து, எஞ்சியதை அமிலக் குளியலில் போட்டுத் தங்கம் எடுக்கிறார்கள். பெங்களூருவின் முறைசாராப் பட்டறைகளைப் பற்றிய ஓர் ஆய்வு, அம்முறையில் நான்கில் ஒரு பங்கு அளவு தங்கமே கைக்கு வந்ததாகவும், நவீன உருக்காலையில் 95 சதவீதம்வரை மீட்க முடியும் என்றும் கணக்கிட்டது. மீதித் தங்கமும், ஈயமும், பயன்படுத்திய அமிலமும் சாக்கடைக்குப் போகின்றன. பெல்ஜியத்தின் ஹோபோகனிலும் சுவீடனின் ரொன்ஷாரிலும் உள்ளவை போன்ற பெரும் உருக்காலைகள் உலகில் மிகச் சிலவே. அவற்றின் உலையில் போர்டின் பிளாஸ்டிக்கே எரிபொருளாகிறது. எழும் புகையைச் சுத்திகரிக்கவே தனித் தொகுதி இருக்கிறது. கையால் பிரிக்கும் வேலையை ஆள்பலம் உள்ள நாட்டிலும், உருக்கும் வேலையை வசதியுள்ள ஆலையிலும் செய்து, வருமானத்தைப் பிரித்தவரோடு பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடுகள் சில நாடுகளில் முயன்று பார்க்கப்பட்டுள்ளன. நான் பார்த்தவற்றில் இரு தரப்பின் திறமையையும் மதிக்கும் ஏற்பாடு அது ஒன்றுதான் என்பதால், அதன்மேல் எனக்குப் பெரும் பற்று உண்டு.

கழிவு எல்லை கடக்கும் கதைக்கு நீண்ட பின்னணி உண்டு. 1986இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரக் குப்பையின் எரிசாம்பலை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட கியான் ஸீ என்ற கப்பலை நாடு நாடாக விரட்டினார்கள். 1988இல் அது ஹெய்ட்டியின் கடற்கரையில் ஏறத்தாழ 4,000 டன் சாம்பலை உரம் என்று சொல்லிக் கொட்டிவிட்டு நழுவியது. அதே ஆண்டில், நைஜீரியாவின் கோகோ என்ற சிற்றூரில் இத்தாலியிலிருந்து வந்த நச்சுக் கழிவுப் பீப்பாய்கள் ஒருவரின் வீட்டு வளாகத்தில் அடுக்கிவைக்கப்பட்டிருந்தது வெளிப்பட்டது. இவை எழுப்பிய கொதிப்பிலிருந்துதான் ஆபத்தான கழிவு எல்லை கடப்பதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கை 1989இல் பிறந்து, 1992இல் நடைமுறைக்கு வந்தது. செல்வ நாடுகளிலிருந்து பிற நாடுகளுக்கு ஆபத்தான கழிவை அனுப்புவதை முற்றிலும் தடுக்கும் திருத்தம் 1995இல் ஏற்கப்பட்டும், 2019 டிசம்பரில்தான் செயலுக்கு வந்தது. 2025 ஜனவரி 1 முதல், ஆபத்தானது, ஆபத்தற்றது என்ற வேறுபாடின்றி எல்லா மின்னணுக் கழிவுக்கும், பெறும் நாட்டின் முன் ஒப்புதல் வேண்டும். இந்த விரிவாக்கத்தைச் சுவிட்சர்லாந்தும் கானாவும் சேர்ந்து முன்மொழிந்தன. அமெரிக்கா அந்த உடன்படிக்கையில் கையொப்பமிட்டும் இன்றுவரை அதை உறுதிசெய்யவில்லை.

சட்டம் கடுமையாக இருந்தும் கசிவு நிற்கவில்லை. ஐ.நா. அமைப்புகள் 2024இல் வெளியிட்ட உலகக் கணக்கெடுப்பின்படி, 2022இல் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உண்டானது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது அதில் 22.3 சதவீதம் மட்டுமே. எல்லை கடந்த 51 லட்சம் டன்னில் ஏறத்தாழ 33 லட்சம் டன், பதிவோ கட்டுப்பாடோ இல்லாமல் செல்வ நாடுகளிலிருந்து நடுத்தர, ஏழை நாடுகளுக்குச் சென்றிருக்கிறது. ஐரோப்பாவில் ஒருவருக்கு 17.6 கிலோ கழிவு உண்டாகிறது, ஆப்பிரிக்காவில் 2.5 கிலோ. மறுசுழற்சியான பங்கு ஐரோப்பாவில் 42.8 சதவீதம், ஆப்பிரிக்காவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. மிகச் சிறந்த கண்டத்திலேயே பாதிக்கு மேல் கணக்கில் வரவில்லை என்பதை, அங்கே வேலை செய்தவன் என்ற முறையில், நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

அது எப்படி வெளியேறுகிறது என்பதை ஆலையின் ஏற்றுமதிப் பிரிவில் கற்றுக்கொண்டேன். கழிவு என்ற பெயரில் எதுவும் போவதில்லை. "பயன்படுத்திய பொருள்" என்ற பெயரில்தான் போகிறது. நைஜீரியாவின் லாகோஸ் துறைமுகங்களில் 2015, 2016 ஆண்டுகளில் நடத்திய ஆய்வில், ஆண்டுக்கு 60,000 டன் அளவுக்குப் பழைய மின்னணுப் பொருள்கள் வந்திறங்குவதும், அவற்றில் ஏறத்தாழ 70 சதவீதம் பழைய வாகனங்களுக்குள் திணித்து அனுப்பப்படுவதும், குறைந்தது 19 சதவீதம் இயங்காதவையாக இருப்பதும் தெரியவந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2012ஆம் ஆண்டு விதிப்படி, பழைய பொருளை ஏற்றுமதி செய்பவர் ஒவ்வொன்றையும் சோதித்த சான்றையும், விற்பனைச் சீட்டையும் காட்ட வேண்டும். பயணத்தில் உடையாதபடி கட்டியும் வைக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை நான் இன்றும் அளவுகோலாகப் பயன்படுத்துகிறேன். கன்டெய்னருக்குள் தொலைக்காட்சிகள் அட்டைப்பெட்டியோ உறையோ இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தால், அனுப்பியவருக்கே அவை ஓடும் என்ற நம்பிக்கை இல்லை என்று பொருள்.

இருந்தாலும், ஏழை நாடுகளின் குப்பைமேடு முழுவதும் செல்வ நாடுகளிலிருந்து வந்தது என்று எண்ணுவதும் பிழை. நானும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணினேன். மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் ஐந்தைப் பற்றி 2011இல் வெளிவந்த ஐ.நா. ஆய்வு, அங்கே உண்டாகும் மின்னணுக் கழிவில் பெரும்பகுதி, சில இடங்களில் 85 சதவீதம்வரை, அந்த நாட்டு மக்களே பயன்படுத்தித் தீர்த்த பொருள் என்று சொன்னது. கானாவில் 2009இல் இறக்குமதியான மின்னணுப் பொருள்களில் 70 சதவீதம் பழையவை. அவற்றில் 30 சதவீதம் இயங்காமல் வந்தன. அந்த 30 சதவீதத்திலும் பாதியை உள்ளூர்ப் பழுதுபார்ப்பவர்கள் மீண்டும் ஓட வைத்துவிட்டார்கள். செல்வ நாட்டில் நாங்கள் அரைவை இயந்திரத்துக்குள் தள்ளிய மடிக்கணினிகளில் எத்தனையோ, அந்த மனிதர்களின் கையில் இன்னும் ஐந்தாண்டுகள் உழைத்திருக்கும். பழைய பொருளின் வணிகத்தையே தடுத்துவிட்டால் அவர்களுக்குக் கணினியும் இல்லை, தொழிலும் இல்லை. ஓடாத பொருள் போவதைத்தான் தடுக்க வேண்டும். அதோடு, ஓடி முடித்த பின் விலைபோகாமல் மிஞ்சுவதற்கும் யாரேனும் பணம் கட்டியிருக்க வேண்டும்.

கானாவின் தலைநகர் அக்ராவிலுள்ள அக்போக்புளோஷி என்ற பிரிப்புக் களம் இதை எனக்குத் தெளிவாகக் காட்டியது. செம்புக் கம்பியின்மேல் உள்ள பி.வி.சி. உறையை எரித்து நீக்கும்போது டையாக்சின் என்ற கடும் நச்சு உண்டாகிறது. அப்பகுதியில் மேயும் கோழிகளின் முட்டையிலேயே 2019இல் அது மிக உயர்ந்த அளவில் கண்டறியப்பட்டது. எரிப்பதற்குப் பதிலாக உறையை உரிக்கும் இயந்திரங்களை உதவி அமைப்புகள் அங்கே நிறுவின. தடித்த கேபிளுக்கு அவை நன்றாக உதவின. மெல்லிய கம்பிக்கோ, உரிக்க ஆகும் நேரம் கட்டுப்படியாகவில்லை, உரித்த பிளாஸ்டிக்கை வாங்கவும் ஆளில்லை, எரிப்பு தொடர்ந்தது. 2021 ஜூலையில் அரசு அந்தக் களத்தையே இடித்து அப்புறப்படுத்தியது. எரிப்பவர்கள் சுற்றுவட்டாரத்தில் சிதறிப்போய் எரித்தார்கள். இவை எல்லாவற்றையும்விட அதிகப் பயன் தந்தது, ஜெர்மனியின் உதவியுடன் நடந்த ஒரு திட்டம் என்று நினைக்கிறேன். எரிக்காத கேபிளை, எரித்தெடுத்த செம்புக்கு ஈடான வருமானம் கிடைக்கும்படி விலை வைத்து வாங்கினார்கள். எரிப்பவரிடம் நீதி போதிக்கவில்லை; விலைபோகாத உறைக்கு விலை வைத்தார்கள்.

கட்டணம் வசூலித்துவிட்டாலே போதும் என்பதும் சரியல்ல. படக்குழாய்க் கண்ணாடி ஒரு காலத்தில் புதிய படக்குழாய் செய்யவே பயன்பட்டது. தட்டைத் திரைகள் வந்து படக்குழாய் உற்பத்தி நின்றபோது அந்தக் கண்ணாடிக்கான சந்தை மறைந்தது. அமெரிக்காவில், கட்டணம் பெற்றுக்கொண்டு கண்ணாடியைச் சேகரித்த சில நிறுவனங்கள், கிடங்கு கிடங்காக அதைக் குவித்துவைத்துவிட்டு அப்படியே கைவிட்டுச் சென்றன. அவற்றை அகற்றும் செலவு வேறு யார் யார் தலையிலோ விழுந்தது. நான் பார்த்த அந்தப் பள்ளத்துக்குக் கூரையும் பூட்டும் போட்டால் எப்படியிருக்குமோ, அந்தக் கிடங்குகள் அப்படித்தான் இருந்தன.

உடல்நலத்தைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சீனாவின் குய்யூ நகரம் நெடுங்காலம் உலகின் மிகப் பெரிய மின்னணுக் கழிவு மையங்களில் ஒன்றாக இருந்தது. பட்டறைகள் 2015இல்தான் ஒரு தொழிற்பேட்டைக்குள் கொண்டுவரப்பட்டன. 2007இல் வெளியான ஆய்வில், அந்நகரின் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் சராசரியாக டெசிலிட்டருக்கு 15.3 மைக்ரோகிராம் இருந்தது. அருகிலிருந்த, அத்தொழில் இல்லாத ஊரில் அது 9.94. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. எங்கள் ஆலையில் வேலை உடையை ஆலையிலேயே கழற்றிவிட்டு, குளித்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். குறிப்பிட்ட இடைவெளியில் இரத்தப் பரிசோதனையும் உண்டு. பிரிப்புக் களத்தின் அந்தப் பெண்மணி, உடுத்தியிருந்த துணியோடே வீட்டுக்குப் போய்ப் பேரக்குழந்தையைத் தூக்கினார். பயிற்சிக் குழுவில் இருந்தபோது நான் முதல் நாளிலேயே வலியுறுத்தியவை விலையுயர்ந்த கருவிகள் அல்ல: தரையைப் பெருக்குமுன் நீர் தெளிப்பது, வேலைத் துணியைக் களத்திலேயே விட்டுவருவது, கை கழுவாமல் எதையும் வாயில் வைக்காமல் இருப்பது, குழந்தைகளைக் களத்துக்குள் விடாமல் இருப்பது. இவற்றுக்குச் செலவு மிகக் குறைவு. கடைப்பிடித்த களங்களில் வேலையின் வேகமும் குறையவில்லை.

வீட்டில் இருப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, பழைய கைபேசியை மேசை இழுப்பறையில் வைத்திருக்காதீர்கள் என்பதுதான். இன்று ஓடுகிற பொருளை இன்றே இன்னொருவருக்குக் கொடுத்தால் அது பயன்படும்; நான்கு ஆண்டுகள் கழித்துக் கொடுத்தால் பேட்டரி உப்பி, மென்பொருள் காலாவதியாகி, கழிவாகத்தான் போகும். பெரும்பாலோர் தயங்குவது உள்ளேயிருக்கும் தகவலை நினைத்துத்தான். வாங்கிய நாளிலிருந்தே சேமிப்பகத்தைக் குறியாக்கம் செய்து வைத்து, கொடுக்குமுன் கணக்குகளிலிருந்து வெளியேறி, தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்துவிட்டால் அந்த அச்சம் பெரும்பாலும் தீரும். சுழலும் தட்டுள்ள பழைய ஹார்டு டிஸ்கை முழுவதும் மேலெழுதி அழிக்கலாம். பழுதாகி அழிக்க முடியாததைத் துளையிட்டு உடைக்கலாம். சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. வகைச் சேமிப்பகத்தைக் காந்தத்தால் அழிக்க முடியாது என்பதையும், கைபேசியைச் சுத்தியலால் அடித்தால் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். கழற்றிய பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டுங்கள். அன்றாடக் குப்பையோடு அதைக் கலக்காதீர்கள். குப்பை வண்டியின் அழுத்தத்தில் நசுங்கிய பேட்டரிகளால் வண்டிகள் பற்றி எரிந்திருக்கின்றன. எங்கள் ஆலையிலேயே, கவனிக்காமல் அரைவைக்குள் போன ஒரு பேட்டரியால் இரண்டு முறை தீயணைப்பு வண்டி வந்தது. மைக்ரோவேவ் அடுப்பையும் படக்குழாய்த் தொலைக்காட்சியையும் மின் இணைப்பைத் துண்டித்த பிறகும் திறக்காதீர்கள். உள்ளே தங்கிய உயர் மின்னழுத்தம் உயிருக்கு ஆபத்தானது.

நிறுவனங்களுக்காகக் கழிவை அப்புறப்படுத்துபவர்கள், நான் செய்த தவறைச் செய்யாமல், விலையைக் கேட்குமுன் விலைபோகாத பாகங்களைப் பற்றிக் கேட்க வேண்டும். ஈயக் கண்ணாடி எங்கே போகிறது, பழைய தட்டைத் திரையின் பின்னாலுள்ள பாதரச விளக்குகளை யார் பெறுகிறார்கள், தீத்தடுப்பு இரசாயனம் கலந்த பிளாஸ்டிக் எப்படிப் பிரிக்கப்படுகிறது என்று கேளுங்கள். செம்பைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் நன்றாகப் பதில் சொல்வார்கள். இந்த மூன்றைப் பற்றிக் கேட்கும்போதுதான் ஆள் யார் என்று தெரியும். மின்னணுக் கழிவை முறையாகக் கையாள்பவர்களுக்குத் தரப்படும் ஆர்2, இ-ஸ்டூவர்ட்ஸ் போன்ற சான்றிதழ்கள் உதவும். ஆனால் சான்றிதழைப் பார்த்ததோடு நிறுத்தாமல், சரக்கு அடுத்து யாரிடம் போகிறது என்ற பெயர்ப் பட்டியலையும், உள்ளே வந்த எடையும் வெளியே போன எடையும் பொருந்தும் கணக்கையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். நன்கொடையாகக் கொடுப்பதென்றால், சோதித்து, சார்ஜரோடு, ஓடுகிற பொருளை மட்டும் கொடுங்கள். அது ஓய்ந்த பின் திருப்பி எடுத்துக்கொள்வது யார் என்பதையும் அப்போதே பேசி முடிவு செய்யுங்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறொரு நிறுவனத்துக்காக மீண்டும் ஒருமுறை அதே பொறுப்பை ஏற்றேன். இம்முறை போர்டுகளிலிருந்து வந்த வருமானமும், கண்ணாடிக்கும் பேட்டரிக்கும் செலுத்திய கட்டணமும் ஏறக்குறைய சரிக்குச் சரியாயின. கழிவை விற்று எதுவும் கிடைக்கவில்லையே என்று நிர்வாகம் கேட்டது. பழைய மின்னஞ்சலின் கதையைச் சொன்னேன், கையொப்பமிட்டார்கள். மூன்று மாதங்களில் எடைக் கணக்கு வந்தது. அதில் படக்குழாய்க் கண்ணாடிக்கு நேரே ஓர் ஈய உருக்காலையின் பெயரும், பெற்ற எடையும், நாளும் இருந்தன. அந்த உருக்காலைக்கே தொலைபேசியில் பேசி, பெற்றுக்கொண்டதை உறுதி செய்தேன்.

சென்ற ஆண்டு அந்தப் பழைய களத்துக்கும் போய் வந்தேன். அந்தப் பெண்மணி வேலையை விட்டுவிட்டார். பள்ளத்தை மண் போட்டு மூடி, அதன்மேல் லாரிகளை நிறுத்துகிறார்கள். அதற்குச் சற்றுத் தள்ளி ஆழ்துளைக் கிணறு போட்டிருப்பதாகவும், பக்கத்து வீடுகளும் அதில்தான் நீர் எடுப்பதாகவும் உரிமையாளர் சொன்னார். நீரில் ஈயம் இருக்கிறதா என்று சோதிக்க ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பச் சொல்லி, அதற்கான கட்டணத்தை நானே செலுத்திவிட்டு வந்தேன். முதல் மாதிரியின் முடிவு வரம்புக்குள் இருந்தது. மழைக்காலம் முடிந்ததும் இரண்டாவது மாதிரி எடுக்கவிருக்கிறார்கள்.